வேதியியல் விடைத்தாளும் அரை மதிப்பெண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ வேதியியல் விடைத்தாள்களில் சிறு பிழைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படும் முறை பற்றிச் சில செய்திகளைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன். அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இருபத்தேழு ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்தி, அவற்றில் பெரும்பாலான ஆண்டுகள் கோடை வெயிலில் விடைத்தாள் திருத்தும் முகாம்களிலும் உட்கார்ந்திருந்து ஓய்வு பெற்றவன் நான். மதிப்பெண்ணைக் குறைத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இதை எழுதத் தூண்டியது எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு மாணவியின் விடைத்தாள். எதிர்பார்த்த மதிப்பெண் வராததால் கட்டணம் கட்டி விடைத்தாள் நகலைப் பெற்று, அதைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு தந்தையோடு வந்திருந்தாள். வினா எல்லோருக்கும் பழக்கமானதுதான். ஒரு முதல் வகை வினை 50 நிமிடங்களில் 40 சதவீதம் நிறைவடைகிறது. அதன் வேக மாறிலி என்ன, 80 சதவீதம் நிறைவடைய எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேள்வி. ஐந்து மதிப்பெண் வினாவின் உட்பிரிவாக, மூன்று மதிப்பெண்ணுக்கு வந்திருந்தது. சூத்திரத்தைச் சரியாக எழுதியிருக்கிறாள். நூறை அறுபதால் வகுத்து மடக்கை (லாக்) எடுக்க வேண்டும் என்பதும் சரி. அந்த மதிப்பு 0.2218. அட்டவணையிலிருந்து தாளுக்கு வரும் வழியில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறி, 0.2281 என்று விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் செய்த ஒவ்வொரு கணக்கும் அந்தத் தவறான எண்ணுக்கு அப்பழுக்கில்லாமல் பொருந்துகிறது. 0.0102 என்று வர வேண்டிய வேக மாறிலி 0.0105 என்றும், ஏறத்தாழ 157.6 நிமிடங்கள் என்று வர வேண்டிய நேரம் 153.2 நிமிடங்கள் என்றும் வந்துவிட்டன. போதாக்குறைக்கு, வேக மாறிலியின் அலகில் நிமிடத்துக்கு மேலே போட வேண்டிய மைனஸ் ஒன்றையும் விட்டுவிட்டாள். மூன்றுக்கு ஒன்று கிடைத்திருந்தது.

"லாக் வேல்யூவை மாத்தி எழுதினது என் தப்புதான் சார். ஆனா அதுக்கு ரெண்டு மார்க்கா?" என்று அவள் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. நான் திருத்தியிருந்தால் இலக்கம் மாறியதற்கு அரை, அலகுக்கு அரை எனக் குறைத்து இரண்டு போட்டிருப்பேன். ஆனால் திருத்தியவர் மீது எனக்கு வருத்தமில்லை. அவர் கையிலிருந்த விடைக்குறிப்பில் சூத்திரத்துக்கு ஒன்று, வேக மாறிலிக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று என்று இருந்திருக்கும். இரண்டாவது எண்ணும் மூன்றாவது எண்ணும் குறிப்போடு ஒத்துப்போகவில்லை. அவர் குறிப்பின்படி நடந்திருக்கிறார். ஒரே பிழைக்கு இரண்டு இடத்தில் தண்டனை போவதைக் குறிப்பு தடுக்கவில்லை.

முகாமுக்குள் எப்போதும் நுழைந்திராதவர்களுக்காக அங்குள்ள நடைமுறையைச் சற்றுச் சொல்ல வேண்டும். என் காலத்தில் ஓர் உதவித் தேர்வாளர் முற்பகலில் பன்னிரண்டு, பிற்பகலில் பன்னிரண்டு என ஒரு நாளைக்கு இருபத்து நான்கு விடைத்தாள்களைத் திருத்த வேண்டும். இன்றைய வினாத்தாளில் பதினைந்து ஒரு மதிப்பெண் வினாக்கள், ஆறு இரண்டு மதிப்பெண், ஆறு மூன்று மதிப்பெண், ஐந்து ஐந்து மதிப்பெண் என ஒரு மாணவர் முப்பத்திரண்டு வினாக்களுக்கு விடை எழுதுகிறார். இருபத்து நான்கு தாளுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு விடைகள் ஆகின்றன. மதிய உணவுக்குப் பிறகு, தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி தாளைப் பறக்கடித்துக்கொண்டிருக்க, எதிரில் பதினேழாவது தாள் இருக்கும்போது, மாணவர் எந்த வரியில் தடுமாறினார், அதற்குப் பின் அவர் போட்ட கணக்கு அந்தத் தவறான எண்ணுக்குச் சரிதானா என்று தனியாகக் கணக்கிட்டுப் பார்ப்பவர் ஒருவரோ இருவரோதான். மற்றவர்கள் இறுதி விடையைப் பார்ப்பார்கள். இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

முகாமின் முதல் நாளில் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு முதன்மைத் தேர்வாளர்கள் கலந்து பேசுவார்கள். குறிப்பில் இல்லாத மாற்று விடைகளை ஏற்கலாமா, சமன் செய்யாத சமன்பாட்டுக்கு எவ்வளவு குறைப்பது, அலகு இல்லாவிட்டால் என்ன செய்வது போன்றவை அங்கே முடிவாகும். குறிப்பில் தெளிவாக அச்சாகியிருப்பவை எல்லா முகாம்களுக்கும் பொது. அச்சாகாதவை அந்தந்த மேசையின் பழக்கப்படி போகும். ஒரு மேசையில் 157.4 என்ற விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அடுத்த மேசையில் 157.58 என்று குறிப்பில் இருப்பதால் அரை குறையும். வேதியியல் பொதுத்தேர்வில் கணிப்பான் கிடையாது, நான்கு இலக்க மடக்கை அட்டவணையைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று விதித்துவிட்டு, பிள்ளைகளிடம் ஐந்து இலக்கத் துல்லியத்தை எதிர்பார்ப்பது அட்டவணைக்கே அடுக்காது.

இங்கே ஒரு தவறான எண்ணத்துக்கு இடம் கொடுக்காமல் சொல்லிவிட வேண்டும். சிறு பிழைகளுக்கு மதிப்பெண்ணே குறைக்கக் கூடாது என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். அதை என்னால் ஏற்க முடியாது. கண்ணுக்குச் சிறியதாகத் தெரியும் பிழை பொருளில் மிகப் பெரியதாக இருக்கக்கூடிய பாடம் வேதியியல். ஆங்கிலப் பெரிய எழுத்துச் 'சி'யை அடுத்து 'ஓ'வைச் சிறிய எழுத்தாக எழுதினால் அது கோபால்ட் என்ற உலோகம். பெரிய எழுத்தாக எழுதினால் ஆளைக் கொல்லும் கார்பன் மோனாக்சைடு வாயு. அறுகோணத்துக்குள் வட்டத்தையோ மூன்று இரட்டைப் பிணைப்புகளையோ போட மறந்தால் பென்சீன் சைக்ளோஹெக்சேன் ஆகிவிடும். நீர்த்த கந்தக அமிலம் தயாரிக்கும்போது நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும் என்று எழுத வேண்டியவர் அமிலத்தில் நீரை ஊற்ற வேண்டும் என்று எழுதினால், எழுத்தளவில் வேற்றுமை உருபுகள் இடம் மாறியதோடு சரி. ஆய்வகத்தில் அதை அப்படியே செய்தால் அமிலம் தெறித்து முகத்தைச் சுட்டுவிடும். இத்தகைய பிழைக்கு அரை என்ன, அந்தப் பகுதிக்கு உரிய முழு மதிப்பெண்ணையும் குறைத்தாலும் நான் மறுப்புச் சொல்ல மாட்டேன்.

சமன்பாடுகளிலும் இதே வேறுபாடு உண்டு. கன்னிசரோ வினையில் பென்சால்டிஹைடுக்கு முன்னால் 2 என்ற எண்ணை விட்டுவிடும் மாணவர் அந்த வினையையே விட்டுவிடுகிறார் என்று பொருள். ஏனெனில் இரண்டு மூலக்கூறுகளில் ஒன்று ஆக்சிஜனேற்றம் அடைகிறது, மற்றொன்று ஒடுக்கம் அடைகிறது என்பதுதான் அங்கே கற்றுக்கொள்ள வேண்டிய செய்தி. அமில ஊடகத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஆக்சாலிக் அமிலத்துடன் வினைபுரியும் நீண்ட சமன்பாட்டை எடுத்துக்கொள்வோம். பெர்மாங்கனேட்டுக்கு 2, கந்தக அமிலத்துக்கு 3, ஆக்சாலிக் அமிலத்துக்கு 5, கார்பன் டை ஆக்சைடுக்கு 10 என்று எல்லாவற்றையும் சரியாக எழுதிய பெண், நீருக்கு 8 என்பதற்குப் பதில் 6 என்று எழுதியிருந்தால் அவளுக்கு அந்த வினை தெரியவில்லை என்று சொல்ல முடியாது. எண்ணிக்கையில் ஒன்று தவறியிருக்கிறது. அதற்கு அரை போகலாம். சமன்பாட்டுக்குரிய மதிப்பெண் முழுவதையும் அடித்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். அம்புக்குறிக்குப் பதிலாகச் சமக்குறி போட்டதற்கு அரை குறைத்த தாளும் ஒருமுறை என் மேசைக்கு வந்தது. அதைத் திருத்தியவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "எங்க சார் எங்களுக்கு அப்படித்தான் சார் குறைச்சாரு" என்றார். இப்படித்தான் சில வழக்கங்கள் விதிகளாகின்றன.

கரிமச் சேர்மங்களின் பெயரிடலில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். 3-எத்தில்-2-மெத்தில்பென்டேன் என்று எழுத வேண்டியதை 2-மெத்தில்-3-எத்தில்பென்டேன் என்று எழுதினால், கிளைகளின் பெயர்களை ஆங்கில எழுத்து வரிசையில் எழுத வேண்டும் என்ற அகர வரிசை விதி மீறப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைக் கொண்டு யார் வரைந்தாலும் அதே மூலக்கூறுதான் வரும். 2-மெத்தில்பென்டேன் என்பதை 3-மெத்தில்பென்டேன் என்று எழுதினால் வேறொரு மூலக்கூறு வந்துவிடும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துச் சுழியம் போடுவது முறையாகுமா? எண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே கோடு விடுபடுவதைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை. எழுதும் அவசரத்தில் அது யாருக்கும் விடுபடும்.

இந்த அகர வரிசையில் தமிழ்வழி மாணவர்களுக்கு மட்டும் ஒரு தனித் தொல்லை உண்டு. அதை வெளியே யாரும் பேசிக் கேட்டதில்லை. ஒரு சேர்மத்தில் குளோரோ, புரோமோ ஆகிய இரண்டும் இருந்தால் ஆங்கில எழுத்து வரிசைப்படி புரோமோ முன்னால் வர வேண்டும். பாடநூலில் "ஆங்கில அகர வரிசை" என்பதை மனத்தில் இருத்திக்கொள்ளாத தமிழ்வழிப் பிள்ளை, தனக்குத் தெரிந்த நெடுங்கணக்கின்படி ககரத்தை முதலிலும் பகரத்தைப் பின்னரும் வைத்துக் குளோரோவை முன்னால் எழுதிவிடும். விதியை அந்தப் பிள்ளை மறக்கவில்லை. தன் மொழியில் அதைக் கடைப்பிடித்திருக்கிறது. இன்னொன்று சல்பைடு, சல்பைட்டு, சல்பேட்டு ஆகிய மூன்றும். மூன்றும் வெவ்வேறு அயனிகள். ஆங்கிலத்தில் முதல் இரண்டும் தெளிவாக வேறுபடுகின்றன. தமிழ்க் கையெழுத்தில் ஓர் ஒற்று விடுபட்டால் ஒன்று மற்றொன்றாகிவிடும். பெயரில் ஐயம் வந்தால் பக்கத்திலுள்ள வாய்பாட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று நான் எனக்குக் கீழிருந்த தேர்வாளர்களிடம் சொல்வேன். கந்தகத்தோடு ஆக்சிஜன் எத்தனை இருக்கிறது என்பதை வாய்பாடு காட்டிவிடும். ஆனால் இது நான் சொன்னது, விடைக்குறிப்பு சொன்னதன்று. ஆக்சிஜன், ஆக்ஸிஜன் என்று பழைய நூலும் புதிய நூலும் வெவ்வேறாக எழுதுவதற்கு எந்தத் தேர்வாளரும் மதிப்பெண் குறைப்பதில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மதிப்பெண் வினாக்களில் விடைக் குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்று தவறாக இருந்தால் சுழியம் என்பதே நான் திருத்திய காலத்து விதி. கடுமையானதுதான், ஆனாலும் முன்கூட்டியே தெரிந்த விதி, எல்லா மேசைக்கும் ஒன்றே. அதனால் அதைப் பற்றி எனக்கு முறையீடு இல்லை.

அரை மதிப்பெண்ணுக்கு இத்தனை பேச்சா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2018 மார்ச் வரை பிளஸ் டூ மொத்த மதிப்பெண் 1200. வேதியியலுக்கு 200, அதில் எழுத்துத் தேர்வுக்கு மட்டும் 150. 2019 மார்ச் முதல் மொத்தம் 600 ஆகி, வேதியியல் 100 ஆகவும், எழுத்துத் தேர்வு 70 ஆகவும் சுருங்கின. மதிப்பெண் பாதியானபோது குறைப்பு பாதியாகவில்லை. அலகு விடுபட்டால் அன்றும் அரை, இன்றும் அரை. 2007-இல் நுழைவுத்தேர்வு ஒழிக்கப்பட்ட பின் பொறியியல் சேர்க்கை முழுக்கப் பிளஸ் டூ மதிப்பெண்ணையே நம்பி நடக்கிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்படுகிறது. பழைய முறையில் வேதியியலில் இழந்த அரை மதிப்பெண் கட்-ஆஃபில் 0.125 ஆகக் குறைந்து தெரியும். இன்று அதே அரை 0.25 ஆகத் தெரிகிறது. பிழையின் அளவு மாறாமலே அதன் விலை இரண்டு மடங்காகிவிட்டது. அந்த மாணவி நியாயமின்றி இழந்த ஒரு மதிப்பெண் கட்-ஆஃபில் அரை. கலந்தாய்வில் அந்த அரைக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்பது பிள்ளையைப் பொறியியலுக்கு அனுப்பிய எந்தப் பெற்றோருக்கும் தெரியும்.

இதற்குள் ஒரு வேடிக்கையும் உண்டு. கூட்டுத்தொகையில் அரை வந்தால் அதை மேல்நோக்கி முழுமையாக்குவதே நான் அறிந்த வழக்கம். எனவே தாள் முழுவதும் ஒரே ஒரு அரை மட்டும் இழந்தவர் எதையும் இழப்பதில்லை. இரண்டு அரை இழந்தவர் ஒன்றை இழக்கிறார். மூன்று அரை இழந்தவரும் அதே ஒன்றைத்தான் இழக்கிறார். கடைசியாகக் குறைக்கப்பட்ட அரை ஒரு பிள்ளையைப் பாதிக்குமா பாதிக்காதா என்பது ஒற்றைப்படை, இரட்டைப்படை விளையாட்டாக முடிகிறது. சென்டம் எடுக்கும் பிள்ளைகளின் கவலை மட்டும் இது என்றும் நினைத்துவிட வேண்டாம். எழுத்துத் தேர்வில் 70-க்கு 15 எடுத்தால்தான் தேர்ச்சி என்ற நிலையில், பதினான்கிலும் பதினைந்திலும் ஊசலாடும் மாணவருக்கும் இந்த அரைகள்தான் கரை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தன் மதிப்பீட்டு நெறிமுறைகளைத் தேர்வு முடிந்த பின் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. அதில் தேர்வாளர்களுக்கான பொது அறிவுரைகளில், ஒரு பிழையின் தொடர்விளைவுக்காக மதிப்பெண் குறைக்கக் கூடாது, பிழைக்கு ஒருமுறை மட்டுமே குறைக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அலகு இல்லாவிட்டாலோ தவறாக இருந்தாலோ அரை குறைக்கலாம் என்பதும் கணக்குகளின் ஓரத்திலேயே இருக்கும். அவர்கள் திருத்தும் முறை குறையில்லாதது என்று நான் சான்று தரவில்லை. ஆனால் இந்த ஒரு வரி நம் விடைக்குறிப்பின் முகப்பில் இருந்திருந்தால், அந்த மாணவியின் விடைத்தாளைத் திருத்தியவர் 0.2281-ஐச் சுற்றி வட்டமிட்டுவிட்டு, அதற்குக் கீழே இருந்த கணக்கைத் தொடர்ந்து படித்திருப்பார்.

ஆகவே அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை நான் கேட்டுக்கொள்வது பெரிய சீர்திருத்தம் ஒன்றுமில்லை. வேதியியல் விடைக்குறிப்போடு ஒரே ஒரு பக்கத்தைச் சேர்த்தால் போதும். தொடர் கணக்கில் ஒரு பிழைக்கு ஒருமுறைதான் மதிப்பெண் குறைக்கலாம். மடக்கை அட்டவணையால் வரும் கடைசி இலக்க வேறுபாட்டை இந்த எல்லை வரை ஏற்கலாம். அலகுக்கு இவ்வளவு, சமன் செய்யாமைக்கு இவ்வளவு, ஒரே வினாவில் இத்தகைய குறைப்புகள் எல்லாம் சேர்ந்து இதைத் தாண்டக் கூடாது. எழுதப்பட்ட பொருள் வேறொரு பொருளாக மாறிவிட்டால் மட்டும் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் இல்லை என்று அந்தப் பக்கம் சொல்ல வேண்டும். அதைத் தேர்வு முடிந்த பிறகு முகாமில் படித்துக் காட்டுவதோடு நிறுத்தாமல், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் கொடுத்துவிட வேண்டும். எதற்கு எவ்வளவு போகும் என்று தெரிந்த பிள்ளை, கடைசிப் பத்து நிமிடத்தில் அடிக்கோடு போடுவதை விட்டு அலகுகளைச் சரிபார்க்கும்.

மறுமதிப்பீட்டு வசதி இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது. நகல் பெற்று, கட்டணம் கட்டி, விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். ஆனால் மறுமதிப்பீடு செய்பவரும் அதே விடைக்குறிப்பை வைத்துக்கொண்டுதான் பார்ப்பார். குறிப்பில் இல்லாத நியாயத்தை அவர் எங்கிருந்து எடுத்துத் தருவார்? நகலைப் படிக்கத் தெரிந்த ஆசிரியர் பக்கத்துத் தெருவில் இல்லாத கிராமத்துப் பிள்ளைக்கு, விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ளவே வழியில்லை என்பது வேறு செய்தி.

முகாம்களில் முதல் நாள் எழுந்த ஐயங்களையும், அவற்றுக்கு அந்தந்த ஆண்டு எடுத்த முடிவுகளையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன். ஒரே ஐயத்துக்கு ஓராண்டு ஒரு முடிவும் மற்றோராண்டு வேறொரு முடிவும் எடுத்திருப்பது அதில் பல பக்கங்களில் இருக்கிறது; சில முடிவுகளுக்கு எதிரில் என் கையெழுத்தும் இருக்கிறது. மேலே சொன்ன ஒற்றைப் பக்கத்தைத் தயாரிக்க இயக்ககம் ஆசிரியர்களை அழைத்தால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என் செலவில் சென்னைக்கு வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுகலை வேதியியல் ஆசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.